கலப்பத்து

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைக்கும் தொழிலுக்குக் ‘கலப்பற்று’ என்று பெயரிட்டு, ‘கலம்’, ‘பற்று’ என இரண்டாகப் பிரித்துப் பொருள் விரிப்போர் பலர். சந்தி பொருந்துவதொன்றே பிரமாணமாகாது.

பற்று என்பது மேலே படிய ஒட்டுவது. நெற்றியில் இடும் பற்றும், பொற்கொல்லர் கையாளும் பற்றாசும் அவ்வினத்தன. இத்தொழிலிலோ, நாட்பட்ட தோணியைக் கரையேற்றி, மக்கிய பழைய திணிப்பைக் கொக்கியால் சுரண்டியெடுத்து, எண்ணெயில் நனைத்துத் திரித்த பஞ்சை உளி வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கியபின்னரே, எண்ணெயோடு காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுகின்றனர். பலமுறை அடைபட்டு விளிம்பு தேய்ந்த பலகைகளில் அடி சற்று மிகுந்தால் பலகை, வங்கு எனும் விலாச்சட்டத்தை விட்டு விலகும். குறைந்தால் கடலில் திணிப்பு கழன்றுவிடும். ஆதலின் அடியின் ஓசையைக் கொண்டே இறுக்கத்தை நிதானிக்க வேண்டியிருக்கிறது. இதனைச் செய்வோர் ‘கலப்பத்து அடித்தல்’ என்பரேயன்றிப் ‘பற்றுதல்’ என்னார். காற்று ‘காத்து’ ஆவதைக் கண்டு பழகிய பண்டிதர்கள், இந்தத் ‘த்து’வையும் கொச்சையெனக் கருதி ‘ற்று’ ஆக்கிவிட்டனர் என்பது என் அபிப்பிராயம்.

நாவாய், வங்கம், அம்பி, திமில் எனக் கலப்பெயர்களை அள்ளித் தரும் சங்க நூல்களிலும், கலஞ்செய் கம்மியரைக் காட்டும் மணிமேகலையிலும் இச்சொல் இல்லை. மத்தியதரைக் கடற்கரைகளிலோ இதன் இனச்சொற்கள் நிறைந்துள்ளன: அரபியில் கல்ஃபத, இத்தாலியத்தில் கலஃபத்தாரே, போர்ச்சுகீசியத்தில் கலஃபாத்தெ. 1041-இல் கான்ஸ்தாந்திநோபிளில் முடிசூடிய ஐந்தாம் மைக்கேல், தந்தை இத்தொழிலராயிருந்தமையால் ‘கலஃபாத்தேஸ்’ என்றே வழங்கப்பட்டான்.

மாலுமியும் சுக்கானும் அரபியிலிருந்து வந்தமையால் இதுவும் அவ்வழியே வந்தது என்பாரும் உளர். பொருளை நோக்காமற் சொல்லை மட்டும் நோக்கியதன் பயன் அது. அரபு நாவிகரின் பழங்கலங்கள் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஓர்மஸில் அவற்றைக் கண்ட மார்க்கோ போலோ, கீல் பூசாமல் மீனெண்ணெயே பூசினர் என்கிறார். தையற்கலத்தில் உளி வைத்து ஓங்கி அடித்தால் தையல் தாங்காது. அங்கே நாரைத் தையலுக்கடியில் வைத்தே இறுக்குவர். கலப்பத்து ஆணி தைத்த கலத்துக்குரிய தொழில். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததும் அத்தகைய கலங்களில்தான். ஃபகரம் தமிழ் நாவில் பகரமாவது இயல்பு. ஆகவே சாவியையும் ஜன்னலையும் நமக்கு வழங்கிய போர்ச்சுகீசியரே கலப்பத்தையும் முத்துக்குளித்துறையில் இறக்கினர் என்பது என் துணிபு.