சக்கரம் மாறியது, பலகை பிழைத்தது

ஏறி நிற்க ஒரு பலகை. அதன் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு அச்சுகள். அவற்றில் நான்கு சிறிய சக்கரங்கள். ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகையின் அமைப்பு இவ்வளவே. இதற்குக் கைப்பிடி இல்லை, பெடல் இல்லை, பிரேக்கும் இல்லை. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்ற இவ்விளையாட்டு, 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ மடிந்தே போயிற்று. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது ஒரு சக்கரம். உதிரிப் பாகங்களைத் தேடித் தேர்ந்து, தமக்கேற்ற பலகையைத் தாமே பூட்டிக்கொள்வோர் இன்று பலர் உள்ளனர். அவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள் எவ்வாறு தோன்றின என்பதைக் காண்போம்.

இரவல் வாங்கிய பாகங்கள்

சக்கரப் பலகையின் முன்னோடி, காலில் அணியும் சக்கரக் காலணியாகும். தொடக்கத்தில் இக்காலணிகள் நேராக ஓடுவதற்கே ஏற்றவையாக இருந்தன. அணிந்தவர் வளைந்து திரும்புவது கடினம். 1863-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் இதற்கு ஒரு வழி கண்டார். காலணிக்கும் அச்சுக்கும் இடையே ரப்பர் மெத்தை ஒன்றை வைத்தார். அணிந்தவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ரப்பர் அமுங்கும். அச்சு அந்தப் பக்கமாகத் திரும்பும். உடலைச் சாய்த்தே திசை மாற்றும் இந்த உத்திதான், இன்று 'டிரக்' எனப்படும் அச்சுத் தாங்கியின் அடிப்படை. 1884-இல் லெவன்ட் ரிச்சர்ட்சன் இத்தகைய சக்கரங்களில் எஃகுப் பால்பேரிங்கைப் புகுத்தி உராய்வைக் குறைத்தார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கச் சிறுவர்கள் பழைய சக்கரக் காலணிகளைப் பிரித்துப் பலகைகளின் அடியில் ஆணியடித்துப் பொருத்தினர். கலிபோர்னியாவின் கடலலைச் சறுக்கு வீரர்களோ, கடலில் அலை இல்லாத நாள்களில் சாலையில் சறுக்க இதைப் பயன்படுத்தினர். ஆக, இந்தப் பலகைக்கென்றே பிறந்த பாகம் எதுவும் அன்று இல்லை.

கூழாங்கல் விளைவித்த கேடு

முதலில் வந்தவை எஃகுச் சக்கரங்கள். அவை சாலையில் காதைப் பிளக்கும் ஓசையுடன் ஓடின. 1960-களில் களிமண்ணுடன் வேறு பொருள்களைக் கலந்து செய்த சக்கரங்கள் பரவின. இவை வழுவழுப்பான மரத்தளம் கொண்ட சறுக்கு அரங்குகளுக்காகச் செய்யப்பட்டவை. தளத்தில் இதமாக ஓடிய அவை, கரடுமுரடான சாலையில் விரைவில் தேய்ந்தும் சிதைந்தும் போயின. திருப்பங்களில் பிடிமானமின்றி வழுக்கின.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து சாலையில் கிடக்கும் கூழாங்கல். கடினமான சக்கரம் கல்லின் மேல் மோதும்போது சிறிதும் நெளிந்து கொடுப்பதில்லை. சக்கரம் சிறியது என்பதால் கல்லின் மேல் ஏறுவதும் கடினம். எனவே பலகை சட்டென நின்றுவிடும். பலகையின் மேல் நிற்பவர் நிற்பாரா? நியூட்டனின் முதல் விதிப்படி அவர் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும்! சக்கரக் காலணி அணிந்தவர் காலைத் தூக்கிக் கல்லைத் தாண்டிவிடலாம். பலகையில் நிற்பவருக்கு அந்த வசதியும் இல்லை.

1965-இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த தேசியப் போட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டில், கீழே விழுந்து காயமுற்ற சிறுவர்களைக் கண்ட மருத்துவர்கள் எச்சரிக்கை விடுத்தனர். பல நகரங்கள் சாலையில் சக்கரப் பலகை ஓட்டத் தடை விதித்தன. விற்பனை சரிந்தது. பழி முழுவதும் விளையாட்டின் மீதும் சிறுவர்கள் மீதும் விழுந்தது.

முப்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு

வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், இதற்கான மருந்து அப்போதே உலகில் இருந்தது. பாலியூரித்தேன் என்னும் பொருளை ஜெர்மானிய வேதியியலறிஞர் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937-லேயே உருவாக்கியிருந்தனர். ரப்பரைப் போல் நெகிழும் விதத்திலும், அதே சமயம் எளிதில் தேயாத விதத்திலும் இதைத் தயாரிக்க முடியும்.

1970-இல் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்னும் இளைஞர், வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்னும் ஊரில் நண்பரின் தந்தை நடத்திய பிளாஸ்டிக் தொழிற்கூடத்துக்குச் சென்றார். அங்கே பாலியூரித்தேன் சக்கரங்களைக் கண்டார். சறுக்கு அரங்குகளில் புதிதாகக் கற்போர் வழுக்கி விழாமலிருக்கச் செய்யப்பட்டவை அவை. அவற்றைத் தம் பலகையில் பொருத்திப் பார்த்தார். சிறு கற்களின் மேல் பலகை தடையின்றி ஓடிற்று. திருப்பங்களில் தரையைப் பற்றிக்கொண்டது. பின்னர் கலிபோர்னியா சென்று, 'கேடிலாக்' என்னும் பெயரில் இச்சக்கரங்களை விற்கலானார்.

மென்மையான சக்கரம் எப்படி வேகமாக ஓடும் என்ற ஐயம் எழலாம். வழுவழுப்பான தளத்தில் சக்கரம் நெளிவதால் ஆற்றல் வீணாகும் என்பது உண்மையே. ஆனால் கரடான சாலையில், கடினச் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் பலகையையும் அதன் மேல் நிற்பவரையும் தூக்கிப் போடுகிறது. அதில் வீணாகும் ஆற்றல் மிகுதி. மென்சக்கரம் அந்த மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அரங்கில் குறையாக இருந்த பண்பே சாலையில் நிறைவாயிற்று.

ஒன்று திருந்த, அடுத்தது வெளிப்பட

நல்ல சக்கரம் வந்ததும் வேகம் கூடியது. உடனே பிற பாகங்களின் குறைகள் தெரியலாயின. காலணிக்காகச் செய்த குறுகிய அச்சுத் தாங்கிகள் வேகத்தில் தள்ளாடின. எனவே 1975-இல் 'டிராக்கர்' நிறுவனம் பலகைக்கென்றே அகலமான தாங்கிகளைக் கொண்டுவந்தது. பழைய சக்கரங்களில் குண்டுகள் தனித்தனியே இருந்ததால், மரை தளர்ந்தால் அவை சாலையில் சிதறிவிடும். 1975-ஐ ஒட்டி 'ரோடு ரைடர்' சக்கரங்கள் மூடிய பேரிங்குடன் வந்து அத்தொல்லையைத் தீர்த்தன. இன்று பெரும்பாலான பலகைகளில் உள்ளது 608 என்ற எண்ணுடைய பேரிங். உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. பலகையும் மாறியது. 1969-இல் லேரி ஸ்டீவன்சன் அதன் பின்முனையை மேல்நோக்கி வளைத்தார். அம்முனையை மிதித்து முன்பகுதியைத் தூக்குவது எளிதாயிற்று. பிற்காலத்தில் மேப்பிள் மரத்தின் 7 மெல்லிய தகடுகளை ஒட்டிப் பலகை செய்யும் முறை பரவியது.

தேர்வு செய்யும் முறை

பாகங்களைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தாம் ஓட்டப்போகும் தரையை. சாலையில் நெடுந்தொலைவு செல்ல 'லாங்போர்டு' என்னும் நீண்ட பலகை ஏற்றது. அதற்கு ஏறத்தாழ 70 மி.மீ. விட்டமுள்ள மென்சக்கரங்கள் பொருந்தும். ஊசியை அழுத்திக் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் இவை 78 முதல் 80 வரை காட்டும். மழமழப்பான சிமெண்டுத் திடலில் துள்ளி விளையாடுவோர் 50 முதல் 54 மி.மீ. விட்டமும், 99-ஐ ஒட்டிய கடினமும் உள்ள சக்கரங்களை விரும்புவர்.

அடுத்து, அச்சின் அகலம் பலகையின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அச்சுத் தாங்கியிலுள்ள புஷ், ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ற கடினம் உடையதாக இருத்தல் நலம். மிக மென்மையானால் பலகை வேகத்தில் ஆடும், மிகக் கடினமானால் திரும்ப மறுக்கும். பெரிய சக்கரம் பூட்டினால் திருப்பத்தில் அது பலகையின் அடிப்பாகத்தில் உரசி நின்றுவிடக்கூடும். கூழாங்கல் தந்த அதே வீழ்ச்சி மீண்டும் நேரும். ஆகவே அச்சுத் தாங்கிக்கும் பலகைக்கும் இடையே ஒரு தட்டையான அட்டையை வைத்து உயர்த்துவர். எப்பாகத்தைத் தேர்ந்தாலும் தலைக்கவசத்தை மறக்கலாகாது.

1965-இல் விழுந்து அடிபட்ட சிறுவர்களிடம் திறமை குறைந்திருக்கவில்லை. அரங்குக்கான சக்கரத்தில் நின்று அவர்கள் சாலையில் ஓடினர். அவர்களைக் காத்திருக்கக்கூடிய பொருள் அப்போதே 28 ஆண்டுகள் பழமையானது. அதைச் சாலையில் வைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. ஒரு கருவி தோற்கும்போது, அது எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது என்று முதலில் கேட்பது நல்லது.