மேல நெல்லு, கீழ களிமண்ணு

எங்க பக்கத்து ஊர்ப் பேருங்கள்ல ஒரு வேடிக்கை இருக்குங்க. குறிச்சின்னா இலக்கணப்படி குறிஞ்சி நிலத்து ஊர். ஆனா கருவேப்பிலங்குறிச்சியில மலை கிடையாது, வெள்ளாறுதான் இருக்கு. விருத்தாசலத்தோட பழைய பேரு திருமுதுகுன்றம். அங்கயும் ஏறிப் பார்க்க ஒரு குன்று இல்ல :-) பேரை விட்டுட்டு மண்ணைப் பார்த்தாதான் இந்த ஊர்களோட பிழைப்பு புரியும். அதுக்கு முன்னால ஒரு எட்டு பழைய கிரேக்கத்துக்குப் போயிட்டு வந்துடலாம்.

கிரேக்கம் முக்காலே மூணுவீசம் மலை. வெள்ளாமைக்கு ஏத்த சமவெளி கொஞ்சம்தான். ஏதென்ஸைச் சுத்தி மண்ணு மெலிசு, கோதுமையை விட பார்லிதான் நல்லா வரும். ஆனா கல்லுக் காட்டுல கூட ஆலிவும் திராட்சையும் காய்ச்சது. அதனால அவங்க அன்றாடச் சாப்பாடு பார்லி ரொட்டி, ஆலிவ், தண்ணி கலந்த திராட்சை மது. சமையலுக்கும், விளக்குக்கும், குளிக்கும்போது உடம்புல பூசவும் ஒரே ஆலிவ் எண்ணெய்தான். பத்தாத தானியம் கருங்கடல் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தது.

எண்ணெயையும் மதுவையும் கப்பல்ல ஏத்த ஜாடி வேணுமே? அதுக்கும் மண்ணுதான் கைகொடுத்தது. ஏதென்ஸ்ல எரிடானோஸ்ங்கற சின்ன ஆத்தங்கரையில குயவர்கள் இருந்த பேட்டைக்குப் பேரு கெராமைகோஸ். குயவர் களிமண்ணுக்கு கிரேக்கத்துல கெராமோஸ். இன்னிக்கு நாம சொல்ற 'செராமிக்' அந்தச் சொல்லுல இருந்து வந்ததுதான்.

அந்த மாதிரி ஜாடிகள் நம்ம கரைக்கும் வந்துச்சு. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல மார்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக்கடல் நாட்டு ஜாடித் துண்டுகள் கிடைச்சது. மதுவும் எண்ணெயும் வந்த ஜாடிகள் அது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பத்தி புறநானூறு 56-வது பாட்டும் பேசுது.

இப்ப ஊருக்குத் திரும்புவோம். சேலம் பக்கத்து மலைகள்ல பொறந்த வசிட்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறா வருது, பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. ஆத்தோரம் வண்டல், அங்க நெல்லு. தண்ணி ஏறாத செம்மண் மேட்டுல முந்திரி. கிரேக்கனுக்கு ஆலிவ் எப்படியோ, மேட்டுக்காட்டு ஆளுக்கு முந்திரி அப்படி. அந்த மேட்டுக்கு அடியில நெய்வேலி பழுப்பு நிலக்கரி, அதுக்கு மேல அடுக்கடுக்கா மணலும் களிமண்ணும். இந்தப் பக்கத்துக் களிமண்ணை நம்பித்தான் விருத்தாசலத்துல பீங்கான் தொழில் வளர்ந்தது. பொம்மை, ஜாடி, கரண்டு ஃபியூஸ் கட்டைன்னு சூளையில வெந்து வெளியூர் போச்சு. பீங்கான் தொழில் சொல்லிக்கொடுக்கவே அரசு அங்க ஒரு பயிலகம் வெச்சிருக்கு.

ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. ஏதென்ஸ்காரன் ஜாடிக்கு மண்ணெடுத்தா ஆலிவ் மரத்துக்கு ஒண்ணும் ஆகல. ஜாடி இருந்தாதான் எண்ணெய்க்கே மதிப்பு. இங்க கீழ இருக்கற நிலக்கரியை எடுக்கணும்னா மேல இருக்கற வயலும் ஊரும் நகரணும். நெய்வேலி நிறுவனம் 1956-ல தொடங்கினதுல இருந்து இதுதான் கதை. அந்த நிலக்கரி கரண்டுலதான் நம்ம வீட்டு விளக்கு எரியுது, அதை மறுக்க முடியாது. அதே நேரம் 2023 ஜூலையில வளையமாதேவியில நட்ட நெல்லுக்கு நடுவுல, பரவனாத்தைத் திருப்பிவிடற கால்வாய்க்காக இயந்திரம் இறங்கினதையும் பார்த்தோம். முன்னாடியே கையகப்படுத்தின நிலம்தான்னு நிறுவனம் சொன்னது. பயிர் வெச்சவனுக்கு அது வெறும் நிலம் இல்லையே.

நிலம் மனுஷனோட வாழ்க்கையைத் தீர்மானிக்குதுன்னு பாடப்புத்தகத்துல படிச்சோம். பாதிதான் சரின்னு தோணுது. நிலம் அடுக்கடுக்கா என்னென்ன இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான். எந்த அடுக்கை வெச்சு வாழறதுன்னு மனுஷன்தான் முடிவு பண்றான். அந்த முடிவை எடுக்கறவரும் அந்த மண்ணுல வாழறவரும் ஒரே ஆளா இருந்தா வம்பே இல்ல.

உங்க ஊர் மண்ணு உங்களை என்ன தொழிலுக்கு இழுத்தது? சொல்லுங்களேன், கேட்போம்.