தோட்ட அலுவலக வலையமைப்பும் தொழிலாளரின் தரவுகளும்

1992 ஆம் ஆண்டில் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் ஹற்றன், நுவரெலியா மலைகளிலுள்ள பல தோட்டங்களை ஒரே தலைமை அலுவலகம் நிர்வகித்து வருகின்றது. தொழிலாளியின் வேலைநாள், கொழுந்து நிறை, சம்பளம், ஊழியர் சேமலாப நிதி ஆகிய விபரங்கள் கணினிக்கு மாறும்போது அவை பயணிக்கும் பாதையின் பாதுகாப்பும் முக்கியத்துவம் பெறுகின்றது.

இவ்வாறு சிதறிக் கிடக்கும் அலுவலகங்களை இணைப்பதற்கான நவீன முறையே மென்பொருள்வழி விரிபரப்பு வலையமைப்பு (எஸ்டி-வான்) ஆகும். முன்னர் நிறுவனங்கள் அதிக கட்டணத்தில் தனிக் குத்தகை இணைப்புகளைப் பெற்றன. இம்முறையிலோ ஒவ்வொரு அலுவலகத்திலும் பொருத்தப்படும் சிறு கருவி, கண்ணாடி இழை இணைப்பு, கைத்தொலைபேசி வலையமைப்பு போன்ற பல வழிகளை ஒருங்கே பயன்படுத்துகின்றது. மண்சரிவினால் ஒரு வழி தடைப்பட்டால் மற்றையதற்கு மாறுகின்றது. கருவிகள் அனைத்தையும் மையக் கட்டுப்பாட்டு மென்பொருளே நெறிப்படுத்துகின்றது.

இந்த வசதியிலேயே ஆபத்தும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு கிளை அலுவலகமும் பொது இணையத்தை நேரடியாக எதிர்கொள்கின்றது. மையக் கட்டுப்பாடு பகைவர் வசமானால் எல்லாக் கிளைகளும் அவர்கள் வசமாகிவிடும். 2018 இல் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் எனும் தீய மென்பொருள் குறைந்தது 54 நாடுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் வலையமைப்புக் கருவிகளைத் தொற்றியிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

எனவே நிறுவனங்கள் சில ஒழுங்குகளைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும். கருவிகளுக்கிடையே செல்லும் தரவுகள் அனைத்தும் மறைகுறியாக்கப்பட வேண்டும். எண்ணியல் சான்றிதழினால் உறுதிசெய்யப்பட்ட கருவி மாத்திரமே வலையமைப்பில் சேர அனுமதிக்கப்பட வேண்டும். கருவி களவுபோனால் அச்சான்றிதழ் உடனே இரத்துச் செய்யப்பட வேண்டும். மையக் கட்டுப்பாட்டுக்குள் நுழைவதற்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாவது உறுதிப்படுத்தலும் தேவை. தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை மாற்றுவதும், மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் தவிர்க்க முடியாதவை. சம்பளப் பதிவு, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்கள், விருந்தினர் வைஃபை ஆகியன தனித்தனிப் பிரிவுகளாக வைக்கப்பட்டால், ஒன்றில் புகுந்தவர் மற்றையதற்குத் தாவுவது கடினமாகும்.

இவற்றுக்கு அப்பால் காப்புப் பிரதியும் அவசியம். 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. உரிய காப்புப் பிரதி இல்லாமையினால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அங்கு பாவனையிலிருந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலங்கடந்ததாகவே இருந்தது. அரசுக்கே இந்நிலை எனின், தோட்ட அலுவலகங்கள் எம்மாத்திரம்?

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆயினும் சட்டம் மாத்திரம் அரணாகாது. பதிவேடு அழிந்தால் கம்பனிக்கு ஏற்படுவது கணக்கு நட்டம். தொழிலாளிக்கோ, முப்பது வருட உழைப்பின் சேமலாப நிதியை நிரூபிக்கும் சான்றே இல்லாமற் போகலாம். வலையமைப்புப் பாதுகாப்புக்கான செலவை வீண்செலவாகக் கருதும் நிர்வாகங்கள் இதனை உணர்வது காலத்தின் தேவையாகும்.