பயோட்டின் குறியிட்ட டி.என்.ஏ. புரோப்

ஒரு மரபணு குரோமோசோமில் எவ்விடத்தில் உள்ளது என்பதை, அதற்கு இணையான டி.என்.ஏ. துண்டொன்றைச் சேரவிட்டுக் கண்டறியும் ஹைபிரிடைசேஷன் முறையில், புரோப் எனப்படும் அத்துண்டுக்குக் கதிரியக்கப் பொருளுக்குப் பதிலாகப் பயோட்டின் என்னும் வைட்டமினை அடையாளமாக இட்டதே பயோட்டின் குறியிட்ட புரோப்.

இதன் பூர்வ சரித்திரம் முட்டையில் தொடங்குகிறது. பச்சை வெண்கருவையே மிகுதியாக உண்ட எலிகளுக்குச் சருமநோய் உண்டாவதை 1927-இல் போவாஸ் என்ற அம்மையார் விவரித்தார். 1936-இல் கேகலும் டென்னிஸும் மஞ்சட்கருவிலிருந்து பயோட்டினைப் பிரித்தெடுத்தனர். வெண்கருவின் அவிடின் என்ற புரதம் அந்த வைட்டமினை இறுகப் பற்றிக்கொள்வதே நோய்க்குக் காரணம் என்பது 1940-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஒரே முட்டைக்குள் அடுத்தடுத்து இருக்கும் இவ்விரண்டின் பிணைப்பு, உயிரியலில் அறியப்பட்ட மிக வலிய பிணைப்புகளுள் ஒன்று; புரோபில் இட்ட பயோட்டினை அவிடின் கொண்டு கண்டறிய இதுவே வழிசெய்தது.

1975-இல் மானிங் முதலியோர், பயோட்டினை ஆர்.என்.ஏ.வுடன் ஒரு புரதத்தின் வாயிலாக இணைத்துப் பழ ஈயின் குரோமோசோமில் பிரயோகித்தனர். இதனையே தொடக்கமாகக் கொள்வாரும் உளர்.

எனினும் இம்முறை பொதுவழக்கிற்கு வந்தது, யேல் பல்கலைக்கழகத்தில் லாங்கர், வால்ட்ராப், வார்ட் ஆகிய மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னரே. அதுவரை பயன்பட்ட கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 ஏறத்தாழ 14 நாளில் பாதியாய்க் குறைந்துவிடுமாதலால் புரோபை அடிக்கடி புதிதாய்த் தயாரிக்க வேண்டியிருந்தது. மற்றொரு கதிரியக்கப் பொருளான டிரிட்டியமோ எனில், படச்சுருளில் தடம் பதிய வாரக்கணக்கிற் காத்திருக்கச் செய்தது. யேல் ஆராய்ச்சியாளர், யுரிடின் வளையத்தின் ஐந்தாம் கார்பனில், இணைசேரும் ஹைடிரஜன் பிணைப்புகளுக்குச் சற்றும் இடையூறு நேராத அந்தப் பக்கத்தில், ஒரு சிறு கரம் போன்ற சங்கிலியைப் பொருத்தி, அதன் நுனியில் பயோட்டினை அமைத்தனர். நொதியாகிய பாலிமரேஸ் இதனை டி.என்.ஏ.வின் அலகாகிய தைமிடினின் ஸ்தானத்தில் ஏற்றுக்கொண்டு இழைக்குள் கோத்துவிட்டது; இடத்தேர்வின் நுட்பமே இம்முறையின் வெற்றிக்கு மூலம் எனலாம். 1982-இல் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெருங் குரோமோசோம்களில் மரபணுக்களின் இடம் இவ்விதம் காட்டப்பட்டது. 1983-இல் லியரி, பிரிகாட்டி, வார்ட் ஆகியோர் நைட்ரோசெல்லுலோஸ் தாளில் புரோப் சேர்ந்த இடத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியைக்கொண்டு நீலஊதா நிறம் தோன்றச் செய்தனர்.

1985-இல், நொதியின்றி ஒளியாலேயே பயோட்டினைப் பிணைக்கும் போட்டோபயோட்டின் ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று. நுண்ணுணர்வில் பயோட்டின் முறை கதிரியக்க முறைக்கு நிகரானதா என்பது பற்றி அக்காலத்தில் அபிப்பிராயபேதம் நிலவியது. சோதனைப் பொருளைப் பொறுத்து விடை மாறக்கூடும். ஈரல், சிறுநீரகம் முதலிய திசுக்களில் இயல்பாகவே பயோட்டின் மிகுந்திருப்பதால் பொய்ச் சாயம் தோன்றுவதுண்டு. டிகாக்ஸிஜெனின் என்ற மாற்று அடையாளம் பரவியதற்கு இது ஒரு காரணம்.

தற்காலத்தில் மரபணுத் தொகுதியின் வேண்டிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து வரிசை அறிய, பயோட்டின் இட்ட புரோப்களும், அவிடினைப் போலவே பயோட்டினைப் பற்றும் ஸ்டிரெப்டவிடின் பூசிய காந்த மணிகளும் பயன்படுகின்றன.