சீட்டும் பேரேடும்

மக்களின் நடமாட்டத்தைக் குறித்துவைப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். வரி தண்டவும் படை திரட்டவும் ஊர்க்கணக்கு எழுதிய காலந்தொட்டு அது நிலவிவருகின்றது. ஆயின், குறிக்கப்படுபவன் தன்னைக் குறிப்பவர் யாரென்றே அறியாதிருப்பது நமது காலத்தின் புதுமை. இணையத்திலே 'குக்கி' என வழங்கும் சிறு குறிப்பின் வரலாற்றை நாம் ஆராயப் புகுவது இதன் பொருட்டே. வன்னி மக்களுக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று. சீட்டு என்றால் என்னவென்பதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள்.

யுத்த காலத்தில் வன்னியை விட்டு வெளியேற விரும்பியவருக்கு விடுதலைப் புலிகளின் பாஸ் வேண்டியிருந்தது. உறவினர் ஒருவரைப் பிணையாக நிறுத்திச் செல்லவேண்டிய நிலையும் இருந்தது. வவுனியாவுக்குள் வந்து தங்குவதற்கோ பாதுகாப்புப் படையினரின் பாஸ் வேண்டும். அது நாள், வாரம், மாதம் எனத் தவணை குறித்தே வழங்கப்பட்டது. சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த ஒருவர் இம்முறையை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். அது அவரது நடமாடும் சுதந்திரத்தை மீறுவதென 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 2009இல் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் பதிவு செய்யப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுள் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் ஓர் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். கையிலுள்ள சீட்டு அற்பமானது. ஒரு பெயரும் இலக்கமுமே அதில் உண்டு. சீட்டுக்கு வலிமை தருவது எங்கோ ஒரு மேசையிலே விரித்துவைக்கப்பட்ட பேரேடு. சீட்டைச் சுமப்பவன் மனிதன். பேரேட்டை வைத்திருப்பவன் வேறொருவன். குக்கியின் சூட்சுமமும் இதுவே.

நாட்டின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகள் சிக்கன விளக்கொளியில் பாடம் படித்துக்கொண்டிருந்த 1994ஆம் ஆண்டிலேதான், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நெட்ஸ்கேப் கம்பனியின் பொறியியலாளர் லூ மொண்டுல்லி குக்கியை ஆக்கினார். அன்றைய இணையத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்டால், இருவரும் ஒருவரே என்பது அக்கணனிக்குத் தெரியாது. கடைக்கூடையில் ஒரு பொருளை இட்டு மற்றொன்றைத் தேடப்போனால், முதற்பொருள் மறந்துபோகும். இக்குறையைத் தீர்க்க, வந்தவரின் உலாவியிலேயே ஒரு சிறு குறிப்பைப் பதித்து அனுப்பும் வழியை அவர் கண்டார். அடுத்த முறை உலாவி அக்குறிப்பை அது தந்த தளத்துக்கே திருப்பிக் காட்டும். கணனியாளரிடையே முன்பே வழங்கிய ஒரு சொல்லே அதற்குப் பெயராயிற்று. பெயர் என்னவோ விசுக்கோத்தின் பெயர்தான்.

இதனளவில் குற்றம் ஒன்றுமில்லை. ஊர்க்கடை முதலாளி கடன் கொப்பியில் நம் பெயரை எழுதிவைப்பதில்லையா? அந்தக் கொப்பி நமக்கும் அவருக்கும் இடையிலானது; கேட்டால் காட்டுவார். குக்கி நமது கோப்புகளைத் துருவிப் படிக்கும் வேவுகாரனும் அன்று. பெரும்பாலும் அது ஓர் இலக்கமே.

கேடு விளைந்தது மூன்றாமவன் நுழைந்தபோது. ஊரிலுள்ள ஒவ்வொரு கடையிலும், வாசிகசாலையிலும், வைத்தியசாலையிலும் ஒரே கம்பனியின் ஆள் மூலையில் அமர்ந்து, வருவோர் போவோரையெல்லாம் ஒரே கொப்பியில் எழுதுவதாகக் கற்பனை செய்வோம். இணையப் பக்கத்தின் ஓரத்திலுள்ள விளம்பரம் அத்தகைய ஆள். அது நாம் நாடிச்சென்ற தளத்திலிருந்து வருவதன்று. விளம்பரக் கம்பனியின் கணனியிலிருந்து வருகின்றது. வரும்போது தனது இலக்கத்தையும் நம்மிடம் பதித்துவிடுகின்றது. அதே கம்பனியின் விளம்பரமுள்ள வேறு தளத்துக்கு நாம் சென்றால் அதே இலக்கம் மீண்டும் அதனிடம் போய்ச்சேரும். காலையில் நோயைப் பற்றித் தேடியவரும் மாலையில் கடனைப் பற்றித் தேடியவரும் ஒருவரே என்பது பேரேட்டில் ஏறிவிடும்.

இலக்கத்துக்குப் பெயர் தெரியாதே எனச் சிலர் ஆறுதல் கூறுவர். 1999இல் டபிள்கிளிக் என்னும் விளம்பரக் கம்பனி, குடும்பங்களின் பெயர், முகவரி, கொள்வனவு விபரங்களை வைத்திருந்த அபாகஸ் கம்பனியை வாங்கி, அவற்றைத் தனது குக்கி இலக்கங்களுடன் இணைக்க முனைந்தது. மக்கள் கண்டனமும் அரசின் விசாரணையும் எழவே, 2000 மார்ச்சில் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. 2007இல் அந்த டபிள்கிளிக்கையே 310 கோடி டொலருக்கு வாங்க கூகிள் உடன்பட்டது. விற்பனைக்கு வந்தது எது? மக்களின் தேட்டமும் தயக்கமும் ஆசையும் அச்சமும் அல்லவா? உழைப்பவனின் நேரத்தை விலைபேசிய முதலாளித்துவம் இன்று அவனது ஓய்வு நேரத்தின் பார்வையையும் விலைபேசுகின்றது.

எதிர்ப்பு எழாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சட்டத்தைத் திருத்திக் குக்கிக்கு முன்சம்மதம் கோரியது. முன்கூட்டியே சரியடையாளம் இட்ட கட்டம் சம்மதமாகாதென அதன் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் இலகுவாக இல்லையென்பதற்காக, கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாகப் பிரெஞ்சு அதிகார சபை 2022 ஜனவரியில் அறிவித்தது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழிப்பதாக 2020இல் உறுதிகூறிய கூகிள், 2024இல் அதனைக் கைவிட்டது. இலாபம் தானாக விலகுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயின் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன.

சாவடியில் நின்ற மக்களின் துயரையும் உலாவியிற் பதியும் இலக்கத்தையும் ஒரே தராசில் வைப்பது அம்மக்களின் துயரை மலினப்படுத்துவதாகும். சாவடியில் உயிரே பணயமாக இருந்தது. நாம் ஒப்பிடுவது துன்பத்தையன்று, பொறிமுறையை. சாவடியில் நின்றவனுக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியும். சோதிப்பவனின் முகமும் தெரியும். குக்கிக்கு முகமில்லை. குடும்பம் முழுவதற்கும் ஒரே கைத்தொலைபேசியுள்ள வீட்டில், தாய் தேடிய கடனும் மகள் தேடிய பாடமும் ஒரே இலக்கத்தின் கீழ் சேர்கின்றன. 'ஏற்றுக்கொள்' என்னும் பொத்தானுக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதியுள்ளதை வாசித்தறியாமல் அழுத்துவது எவ்வகைச் சம்மதம்?

ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியவை உண்டு. உலாவியின் அமைப்பிற் சென்று மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கலாம்; பழையனவற்றை அழிக்கலாம்; பொதுக் கணனியில் வேலை முடிந்ததும் வெளியேறப் பிள்ளைகளைப் பழக்கலாம். இவை வேண்டியவையே, போதியவை அல்ல. கைத்தொலைபேசிச் செயலிகள் குக்கியின்றி வேறு இலக்கங்களாலும் நம்மை அடையாளங்காண்கின்றன. ஒரு சீட்டைக் கிழித்தால் மறுசீட்டு அச்சாகும்.

ஆகவே கேள்வி பேரேட்டைப் பற்றியதாக இருக்கவேண்டும். அதில் என்ன எழுதப்பட்டுள்ளது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கப்படும் என வினவும் உரிமை சட்டத்தில் எழுதப்படுவதோடு நடைமுறைக்கும் வரவேண்டும். அதுவும் மக்கள் விளங்கும் மொழியில் வரவேண்டும். சிதம்பரபுரம் முகாமிலிருந்த அந்த மனுதாரர் தனக்கு இன்னொரு பாஸ் தரும்படி மன்றாடி அமையவில்லை. பாஸ் கேட்பதற்கு உங்களுக்கு என்ன உரிமை என்றே வினவினார். நமது வகுப்பறைகளிற் பயிலவேண்டிய வினாவும் அதுதான்.