"அதுக்கு மேல முடியாது, உட்காருடா" என்று சொன்ன வாத்தியாரின் திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வீட்டுக்கு வந்தான். ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். மகள் பெங்களூரில் உயிரியல் படிக்கிறாள். அவள் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் காட்டினான். ஒரு செல்லுக்குள் பச்சையும் சிவப்புமாக மெல்லிய இழைகள்.

"சார், எட்டாவதுல நான் கேட்டேன், இன்னும் பெரிய லென்ஸ் போட்டா இன்னும் சின்னது தெரியுமான்னு. அதுக்கு மேல முடியாது, உட்காருடான்னு சொன்னீங்க. இது வெளிச்சத்துலதான் எடுத்ததாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றிலிருந்து தேடிப் படித்தேன்.

நான் சொன்னதில் பாதி சரி. ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் எர்ன்ஸ்ட் அபே என்ற அறிஞர் 1873-இல் அந்த எல்லையைக் கணக்கிட்டார். ஒளி ஓர் அலை. அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். அது சுமார் 200 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 400-இல் ஒரு பங்கு. லென்ஸைப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். அந்தச் சூத்திரத்தை யேனாவில் அவருடைய நினைவுச்சின்னத்தில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைவிட நுணுக்கமாகக் காட்டும். ஆனால் வெற்றிடத்தில் வைத்துப் பார்ப்பதால் உயிருள்ள செல்லுக்கு அது உதவாது.

இந்தச் சுவரை உடைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு உதவியவை ஒளிரும் மூலக்கூறுகள். செல்லில் எந்தப் பகுதி வேண்டுமோ அதில் மட்டும் அவற்றை ஒட்டவைக்கலாம். ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர் புரதம் அப்படி ஒன்று. 2008-இல் நோபல் பரிசு பெற்றது.

ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் ஹெல் 1994-இல் ஒரு வழி சொன்னார். ஒரு லேசர் கதிர் மூலக்கூறுகளை ஒளிரச் செய்யும். உளுந்து வடை போல நடுவில் ஓட்டையுள்ள இன்னொரு கதிர், சுற்றியுள்ளவற்றை அணைத்துவிடும். ஓட்டையில் இருப்பது மட்டும் ஒளிரும். 2000-இல் செய்தும் காட்டினார்.

இதற்கிடையில் நம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் 1998-இல் வேறு வழியில் போனார்கள். ஒளிரும் இரண்டு மூலக்கூறுகள் மிக நெருங்கியிருந்தால் ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவும். வெளிவரும் ஒளியின் அதிர்வுத் திசை மாறும். அதை அளந்து, செல் சவ்வில் சில புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் சிறிய கூட்டங்களாக இருப்பதைக் காட்டினார்கள். படத்தில் பிரித்துப் பார்க்க முடியாததை அளவில் பிடித்தார்கள்.

மூன்றாவது கதைதான் நம் ஊர்க்காரர்களுக்கானது. அமெரிக்காவின் எரிக் பெட்சிக், பெல் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வேலையில் சலித்து 1990-களின் நடுவில் வெளியேறினார். பிறகு சில ஆண்டுகள் அப்பாவின் மெஷின் டூல் கம்பெனியில் வேலை. அங்கே அவர் வடிவமைத்த இயந்திரம் சரியாக விற்கவில்லை. மறுபடி அறிவியலுக்கு வந்து, நண்பர் ஹெரால்டு ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் இருவரும் ஒரு நுண்ணோக்கியைக் கட்டினார்கள்.

அதன் சூட்சுமம் எளிது. தேர்த் திருவிழாவில் நம் சந்திரசூடேசுவரர் மலைக்குப் போட்ட சீரியல் பல்புகளைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே வெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொரு பல்பாக எரியவிட்டால்? ஒவ்வொன்றும் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் அந்த மங்கலின் நடு எது என்று புள்ளி வைக்கலாம். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் முழுப்படம். தனி மூலக்கூறின் ஒளியை இப்படி அணைத்து எரியவைக்க முடியும் என்பதை 1997-இல் காட்டியவர் வில்லியம் மோர்னர். 2006-இல் பெட்சிக் குழுவின் படம் வெளிவந்தது. 2014-இல் பெட்சிக், ஹெல், மோர்னர் மூவருக்கும் வேதியியல் நோபல்.

அபேயின் கணக்கு இன்றும் சரிதான். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் அந்த எல்லை அப்படியே நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரவிட்டால் என்ன என்று கேட்கத்தான் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேள்வி கேட்ட ஒரு பையனை நான் ஒரு நொடியில் உட்கார வைத்துவிட்டேன்.

தம்பி, புதுமனைக்குக் கட்டாயம் வருகிறேன். உன் மகள் முன்னால் இதைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்டால் "முடியாது" என்று சொல்லாதீர்கள். "இதுவரை முடியவில்லை, ஏன் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்