குவில்ட் பத்திரிகைக்குக் காசு குடுக்கலாமா? - ஒரு நூத்தித் தொண்ணூறு வருஷப் பஞ்சாயத்து

போன சனிக்கிழமை எங்க ஊர் நூலகத்துல பழைய புத்தக விற்பனை. (எங்க ஊர்னா இப்போதைக்குக் கான்சாஸ் சிட்டி பக்கம். ஆணி பிடுங்க இங்கே வந்து மூணு வருஷம் ஆச்சு.) ஒரு அட்டைப்பெட்டி நிறைய எழுபது, எண்பதுகளோட குவில்ட் பத்திரிகைகள், மொத்தமா அஞ்சு டாலர். யோசிக்காம தூக்கிட்டு வந்துட்டேன்.

ரங்கமணி பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "எல்லாம் யூட்யூப்ல சும்மாவே கிடைக்குதே, இந்தப் பழைய பேப்பருக்கு எதுக்குக் காசு? நீ வேற சந்தா கட்டணும்னு சொல்லிக்கிட்டு இருந்தே?"

நியாயமான கேள்விதான். அப்போதைக்கு முறைச்சுட்டு விட்டுட்டேன். ஆனா ராத்திரி பெட்டியைக் கிளற ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சது, இந்தக் கேள்வி எங்க வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லைன்னு.

குவில்ட் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சின்னச் சின்னத் துண்டுத்துணிகளை வடிவமா இணைச்சு மேலே ஒண்ணு, நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி. மூணும் நகராம இருக்க ஊடால தையல் ஓட்டணும். அந்த மேல்துணியோட வடிவத்தைத்தான் பேட்டர்ன்னு சொல்றது. பத்திரிகைகள் வித்ததும் அதைத்தான். அப்படித்தான் நானும் நினைச்சிருந்தேன்.

அமெரிக்கப் பத்திரிகையில வந்த முதல் குவில்ட் பேட்டர்ன்னு பொதுவா எல்லாரும் கை காட்டுறது 1835ல கோடீஸ் லேடீஸ் புக்ல வந்த தேன்கூடு வடிவத்தை. அறுகோணத் துண்டுகளைக் காகிதத்து மேல மடிச்சுத் தைச்சு இணைக்கிற முறை. ஃபிலடெல்ஃபியாவுல 1830ல ஆரம்பிச்ச பத்திரிகை இது. பின்னாடி நாப்பது வருஷம் ஆசிரியரா இருந்தவங்க சாரா ஹேல், நன்றியறிதல் நாளைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லி லிங்கனுக்கே கடிதம் எழுதின அம்மா. சந்தா வருஷத்துக்கு 3 டாலர். அன்னிக்கு அது சின்னக் காசு இல்லை. அப்படியும் 1860 வாக்கில ஒன்றரை லட்சம் பிரதி போச்சு.

இதுல ஒரு வேடிக்கை. துணிக்கு அடியில வைக்கிற காகிதத்துக்கு அந்தக் காலப் பொண்ணுங்க பழைய கடிதம், செய்தித்தாள்னு கைக்குக் கிடைச்சதை வெட்டிப் போட்டாங்க. முடிக்காம விட்ட குவில்ட்கள்ல அந்தக் காகிதம் இன்னும் உள்ளேயே இருக்கு. அதுல இருக்கிற தேதியை வச்சுத்தான் ஆராய்ச்சியாளர்கள் குவில்ட்டோட வயசைக் கணக்குப் போடுறாங்க. பேப்பர் குப்பைன்னு சொன்ன ரங்கமணிக்கு இதை ரெண்டு தடவை படிச்சுக் காமிச்சேன்.

அடுத்தது 1889ல செயின்ட் லூயிஸ்ல ஆரம்பிச்ச லேடீஸ் ஆர்ட் கம்பெனி. ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஒரு எண், ஒரு பேரு. கேட்லாக் பார்த்துக் காசு அனுப்பினா தபால்ல வரும். அந்தப் பத்து வருஷத்துக்குள்ளேயே நானூறைத் தொட்டுட்டாங்க. பேரு விஷயம் சாதாரணம் இல்லைங்க. 1929ல ரூத் ஃபின்லி எழுதின புத்தகத்துல வர்றது இது: ஒஹையோ பக்கம் 'கரடிப் பாதம்'னு சொல்ற அதே வடிவம் லாங் ஐலண்ட்ல 'சேத்துல வாத்துக்கால்'. ஃபிலடெல்ஃபியா குவேக்கர்கள்கிட்டே போனா 'நட்பின் கை'. ஒரே ஃபங்ஷனுக்கு மூணு டீம் மூணு பேரு வச்ச கதை. நமக்குத் தெரியாத வலியா?

இனிமேதான் ரங்கமணி கட்சிக்கு வலு. 1928 செப்டம்பர் 22ல கான்சாஸ் சிட்டி ஸ்டார் செய்தித்தாள்ல 'பைன் மரம்'னு ஒரு பேட்டர்ன் வந்தது. வரைஞ்சவங்க ரூபி ஷார்ட் மெக்கிம். அதுல ஆரம்பிச்சு 1961 வரைக்கும் ஆயிரத்துக்கும் மேல பேட்டர்ன்கள். தனிக் காசு கிடையாது, எப்படியும் வாங்குற பேப்பரோட வந்தது. அடுத்த வருஷமே பங்குச்சந்தை விழுந்து, மாவு மூட்டைத் துணியைப் பிரிச்சுச் சட்டை தைக்க வேண்டிய காலம் வந்தது. மிசூரி, கான்சாஸ், ஆர்க்கன்சா, ஓக்லஹோமான்னு பண்ணை வீட்டுப் பெண்கள் வெட்டி வெட்டி நோட்டுல ஒட்டி வச்சாங்க. போகப் போக வாசகிகளே தங்களோட பேட்டர்னை அனுப்ப ஆரம்பிச்சாங்க. அனுப்பினவங்க பேரும் ஊரும் கூடவே அச்சாச்சு.

ஆக, யூட்யூப் வர்றதுக்கு எண்பது வருஷம் முன்னாடியே பேட்டர்ன் கிட்டத்தட்ட இலவசம். அப்படின்னா பத்திரிகைக்கு அப்பவே வேலை முடிஞ்சிருக்கணுமே?

முடியலை. 1969 செப்டம்பர்ல கொலராடோவுல பானி லெமன்னு ஒரு அம்மா, ஏழு பிள்ளைங்களுக்குத் தாய், சமையல்கட்டு மேஜையில உட்கார்ந்து க்வில்டர்ஸ் நியூஸ்லெட்டரை ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி துணி வெட்ட உதவுற பிளாஸ்டிக் அச்சுகளைத் தபால்ல வித்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வியாபாரத்துக்குத் துணையா வந்ததுதான் பத்திரிகை. குவில்ட்டுக்கு மட்டுமேன்னு வந்த முதல் பத்திரிகை இதுன்னு சொல்வாங்க. என் பெட்டியில பாதிக்கு மேல இதுதான்.

படிச்சுப் பார்த்தா, பேட்டர்ன் பக்கங்களைவிட என்னைப் பிடிச்சு நிறுத்தினது கடிதங்கள். எந்த ஊர்ல யாரு என்ன தைக்கிறாங்க, எந்தப் பஞ்சு துவைச்சா சுருங்குது, பாட்டியோட குவில்ட்டை எப்படிக் காப்பாத்தறது, இந்த வடிவத்துக்கு என்ன பேருன்னு யாருக்காவது தெரியுமா... பக்கத்துல கேக்க ஆளில்லாதவங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கிற இடம். வலையுலகம் மாதிரின்னு வைங்களேன், பின்னூட்டம் வர மட்டும் ரெண்டு மாசம் ஆகும்.

பேரு அச்சாகிறதுக்கு என்ன மதிப்புன்னு 1933 சிகாகோ உலகக் கண்காட்சியைப் பார்த்தாத் தெரியும். சியர்ஸ் நிறுவனம் நடத்தின போட்டிக்கு 24,000க்கும் மேல குவில்ட்கள் வந்தது. முதல் பரிசு கென்டகியைச் சேர்ந்த மார்கரெட் கேடனுக்கு. அவங்க அதுல ஒரு தையல்கூடப் போடலை! கூலிக்குத் தைச்ச பெண்கள் வேற. பஞ்ச காலம், இருக்கிற வேலையும் போயிடும்னு வாயைத் திறக்கலை. மெரிகே வால்ட்வோகலும் பார்பரா பிராக்மனும் இதையெல்லாம் தோண்டி எடுத்துப் புத்தகம் போட்டது 1993ல. அறுபது வருஷம்!

இந்த பிராக்மன் அம்மாவுக்குத் தனிப் பதிவே போடலாம். அச்சுல வந்த பேட்டர்ன் ஒவ்வொண்ணையும் எங்கே, எந்தப் பேர்ல வந்ததுன்னு அட்டையில எழுதி வடிவவாரியா அடுக்கிக்கிட்டே வந்தாங்க. 1979லேர்ந்து பகுதி பகுதியா வெளியிட்டு, கடைசியில நாலாயிரத்துக்கும் மேல வடிவங்கள் கொண்ட கலைக்களஞ்சியம் ஆச்சு. 1995ல அது பிளாக்பேஸ்னு மென்பொருளாவும் வந்தது. பொட்டி தட்டுற எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம். அந்த டேட்டாபேஸுக்கு மூலம் எதுன்னு பார்த்தா, யாரோ வெட்டி ஒட்டின செய்தித்தாள் பத்தியும், காசு குடுத்து வாங்கின பத்திரிகையும், கேட்லாக்கும்தான். பழசுன்னு எடைக்குப் போட்டிருந்தா பிராக்மனுக்கு அட்டையில எழுத ஒண்ணும் கிடைச்சிருக்காது.

நாப்பத்தேழு வருஷம் ஓடின க்வில்டர்ஸ் நியூஸ்லெட்டர் 2016ல நின்னு போச்சு. அதை வச்சிருந்த எஃப் ப்ளஸ் டபிள்யூ கம்பெனி 2019 மார்ச்ல திவால் மனு போட்டது. சந்தா கட்டுறதுல இருக்கிற ஆபத்து இது. பத்திரிகை பாதியில படுத்தா மிச்சக் காசுக்கு வேற ஏதாவது இதழை அனுப்புவாங்க, இல்லைன்னா அதுவும் இல்லை.

சரி, வாங்கலாமா கூடாதா?

பேட்டர்னுக்காகன்னா வேண்டாம். ஒன்பது கட்டம், மரக்குடிசைன்னு அடிப்படை வடிவங்களேதான் நிறம் மாறி மாறி வரும். புது இதழ்ல காட்டுற துணியைத் தேடிப்போனா கடையில தீர்ந்துபோயிருக்கும், ரெண்டு தடவை பட்டாச்சு. கத்துக்கணும்னா இங்கிருந்து ஒரு மணி நேரத்துல ஹாமில்டன்னு ஒரு குட்டி ஊர். அங்கே 2008ல ஆரம்பிச்ச மிசூரி ஸ்டார் கடைக்காரங்க யூட்யூப்ல பொறுமையாச் சொல்லித் தர்றாங்க. (அவங்களே அப்புறம் காசுக்குப் பத்திரிகையும் போட ஆரம்பிச்சாங்க. ரங்கமணிக்கு இன்னும் சொல்லலை.)

ஆளுங்களைப் பத்தி எழுதுற பத்திரிகைன்னா என் ஓட்டு வாங்குறதுக்குத்தான். 2016ல பொதுமக்கள்கிட்டே இணையத்துல நிதி திரட்டி ஆரம்பிச்ச க்வில்ட்ஃபோக் அப்படி. விளம்பரமே இல்லாம, பெரும்பாலும் ஒரு இதழுக்கு ஒரு மாநிலம்னு அங்கே தைக்கிறவங்களைத் தேடிப் போய் எழுதினாங்க. விலை உறைக்கும். அதனால சந்தாவெல்லாம் இல்லை, எனக்குத் தெரிஞ்ச ஊர் வந்த இதழை மட்டும் தனியா வாங்கிக்கிறேன். பழைய இதழ்கள் கிடைச்சா யோசிக்கவே வேண்டாம்.

பெட்டியில பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ இதழ். நட்சத்திர பேட்டர்ன் ஒண்ணு, ஓரத்துல பென்சில்ல யாரோ எழுதியிருக்காங்க: 'மகள் கல்யாணத்துக்கு. நீலத்துக்குப் பதில் பச்சை. 1984.' கையெழுத்து இல்லை, பேரும் இல்லை. அந்தப் பச்சை குவில்ட் இப்போ எந்த வீட்டுக் கட்டில்ல கிடக்கோ, இல்லை நன்கொடைக் கடையில அஞ்சு டாலருக்குத் தொங்குதோ. தைச்சது யாருன்னு அதுலயும் எழுதியிருக்காது, பெரும்பாலான குவில்ட்ல எழுத மாட்டாங்க.

ரங்கமணி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "நீ தைக்கிறதுல பேரு எழுதுறியா?"ன்னு கேட்டார்.

எழுதலை. மூணு முடிச்சிருக்கேன், ஒண்ணுலயும் இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் உக்காந்து மூணுலயும் பின்பக்க மூலையில பேரு, ஊரு, வருஷம் போட்டுக்கிட்டு இருக்கேன். ஊர்ங்கிற இடத்துல கான்சாஸ் சிட்டி போடறதா, திருநெல்வேலி போடறதான்னுதான் ஒரே குழப்பம்.